வேல்ஸ் ரக்பியின் 52 ஆண்டுச் செயலாளரும் அவர் காலத்துக் காகிதங்களும்

கேள்வி: பழைய வேல்ஸ் ரக்பி டிக்கெட்டுகளிலும் கடிதங்களிலும் ‘வால்ட்டர் இ. ரீஸ், செயலாளர்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. யார் இவர்? இவர் காலத்து நினைவுப்பொருள்களில் எது உண்மையில் மதிப்புள்ளது? அசலையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்:

வால்ட்டர் ரீஸ் 1896 முதல் 1948 வரை வேல்ஸ் ரக்பி சங்கத்தின் செயலாளர். பதவியேற்றபோது வயது 34, விலகியபோது 86. விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கி ஆறாம் ஜார்ஜ் காலம் வரை ஐந்து அரசர்களையும் இரண்டு உலகப் போர்களையும் ஒரே நாற்காலியில் இருந்து பார்த்தவர். அதனால் அந்த அரை நூற்றாண்டில் வேல்ஸ் ரக்பி தொடர்பாக அச்சான காகிதங்களில் எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மூலையில் அவர் பெயர் தட்டுப்படும்.

அவர் நீத் ஊர்க்காரர். இதைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேல்ஸ் சங்கமே 1881 மார்ச் 12-ஆம் தேதி நீத் நகரின் காஸில் ஹோட்டலில்தான் தொடங்கப்பட்டது. முதல் செயலாளர் நியூபோர்ட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் முல்லக். அதற்கு முந்தைய மாதம் பிளாக்ஹீத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு போய், ஒரு புள்ளிகூட எடுக்காமல் படுதோல்வியோடு திரும்பியவர் அவர்தான். ஸ்வான்சியின் டபிள்யூ. எச். க்வின் அடுத்த செயலாளர். மூன்றாவதாக வந்தவர் ரீஸ். இன்றைய தலைநகர் கார்டிஃப், ஆட்டம் பெரும்பாலும் கார்டிஃபிலும் ஸ்வான்சியிலும். ஆனால் சங்கத்தின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது நீத் நகருக்கு. பெரிய அலுவலகம், ஊழியர் பட்டாளம் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மனிதரும் அவருடைய கோப்புகளும், அவ்வளவுதான்.

இனி நினைவுப்பொருள்களுக்கு வருவோம். இந்தக் காலத்துப் பொருள்கள் அரிதாக இருப்பதற்கு முதல் காரணம் சங்கத்தின் சிக்கனம். அன்றைய ரக்பி யூனியன் முழுக்க முழுக்கச் சம்பளமில்லாத ஆட்டம். 1995 வரை விதி அப்படித்தான். நாட்டுக்காக ஆடியவருக்குக் கிடைத்தது ரயில் கட்டணம், ஆட்டம் முடிந்த பின் ஒரு விருந்து, சிவப்பு ஜெர்சி, குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி. அந்தத் தொப்பியும் வாழ்நாளில் ஒரு முறைதான். ஒரே ஓர் ஆட்டம் ஆடியவருக்கும் ஒன்று, இருபது ஆட்டம் ஆடியவருக்கும் ஒன்று. கால்சட்டையும் பூட்ஸும் ஆட்டக்காரரே கொண்டுவர வேண்டும். இன்றைய அணிகள் ஒரு பருவத்தில் எத்தனை ஜெர்சிகளை ஏலத்துக்கு அனுப்புகின்றன என்று பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

ஆனால் ரீஸைக் கறார்ப் பேர்வழி என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் கதை பாதிதான். அவர் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே ஆர்தர் கூல்ட் விவகாரம் வெடித்தது. கூல்ட் அன்றைய வேல்ஸின் கண்மணி. 27 ஆட்டங்கள் ஆடி, அவற்றில் 18-க்குத் தலைமை தாங்கியவர். அவருக்காக மக்கள் ஆளுக்கொரு ஷில்லிங்காக நிதி திரட்டினார்கள். சங்கமும் ஆதரவாக நின்றது. 1897 ஈஸ்டரையொட்டி கார்டிஃபில் நடந்த விருந்தில் நியூபோர்ட்டில் இருந்த ஒரு வீட்டின் பத்திரமே அவர் கையில் கொடுக்கப்பட்டது. இது சம்பளம் அல்லாமல் வேறென்ன என்று மற்ற நாடுகள் குதித்தன. வேல்ஸ் சர்வதேச ரக்பி வாரியத்தை விட்டே வெளியேறி, ஓர் ஆண்டு கழித்து 1898-இல்தான் திரும்பியது.

பத்தாண்டு தள்ளி வாருங்கள். 1907-இல் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் தருவதாக அபர்டேர் கிளப் மீது விசாரணை. நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டவர்களில் ஒருவர் டாய் ஜோன்ஸ். ‘தாரு’, அதாவது காளை என்று செல்லப்பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்தை வீழ்த்திய அணியில் ஆடியவர். நட்சத்திரத்துக்கு வீடு, சுரங்கத் தொழிலாளிக்குத் தடை. இரண்டு முறையும் செயலாளர் ஒருவரே. முடிவெடுத்தது குழு, ரீஸ் அல்ல என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் குழு மாறிக்கொண்டே இருந்தது, மாறாமல் இருந்தவர் அவர்தான். டாய் ஜோன்ஸ் சும்மா இருக்கவில்லை. 1908 புத்தாண்டு நாளன்று அதே அபர்டேரில் வேல்ஸ் முதல் முறையாக ரக்பி லீக் (ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரும் தனிப் பிரிவு) சர்வதேச ஆட்டத்தில் இறங்கி நியூசிலாந்தை 9–8 என வென்றபோது, வெற்றிக்கான ட்ரையை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி எடுக்கும் புள்ளியை, போட்டவர் அவர். என்னைக் கேட்டால், கூல்ட் விருந்தோடு தொடர்புடைய ஓர் அச்சுத்தாளையும் அபர்டேர் விசாரணை பற்றிய ஒரு செய்தித் துண்டையும் அருகருகே வைத்திருப்பவரின் சேகரிப்பு, பத்துத் தொப்பிகள் வைத்திருப்பவருடையதைவிடப் பெரியது.

எல்லாரும் தேடுவது 1905 டிசம்பர் 16-ஐத்தான். கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், 47,000 பேர், வேல்ஸ் 3, நியூசிலாந்து 0. ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து ஆடும் ஹாக்கா என்ற போர் நடனத்துக்குப் பதிலடியாக வேல்ஸ் அணி தங்கள் தேசிய கீதத்தைப் பாட, கூட்டமே சேர்ந்து பாடியது. விளையாட்டுப் போட்டிக்கு முன் தேசிய கீதம் பாடும் வழக்கத்துக்கு அன்றுதான் தொடக்கம் என்கிறார்கள். டெடி மோர்கன் ஒரு ட்ரை போட்டார். பாப் டீன்ஸ் போட்டதாகச் சொன்ன ட்ரையை ஸ்காட்லாந்து நடுவர் ஜான் டல்லாஸ் ஏற்கவில்லை. அந்தப் பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம் இது என்பதால் டீன்ஸ் கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்ற சண்டை நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. நினைவுப்பொருள் சந்தையில் சண்டைக்கும் விலை உண்டு. 3–0 என்று சச்சரவில்லாமல் முடிந்திருந்தால் இத்தனை காகிதம் பாதுகாக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஆட்டம் முடிந்ததும் நியூசிலாந்துத் தலைவர் டேவ் கல்லாஹர் தன் ஜெர்சியை வேல்ஸ் தலைவர் க்வின் நிக்கல்ஸுக்குக் கொடுத்தார். கல்லாஹர் 1917-இல் பாஷண்டேல் போர்முனையில் இறந்துபோனார். அந்த ஜெர்சி 2015 அக்டோபரில் கார்டிஃபில் ஏலத்துக்கு வந்தபோது 1,80,000 பவுண்டுக்குப் போனது. ரக்பி ஜெர்சி ஒன்றுக்கு அதற்கு முன் கிடைத்திருந்த உச்ச விலையைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. துணி அல்ல, கைமாறிய வரலாறுதான் அந்த விலைக்குக் காரணம்: யார் அணிந்தது, யாரிடம் கொடுத்தது, பிறகு யாரிடம் இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தது.

அதே ஆட்டத்தின் புரோகிராம் பற்றி ஓர் எச்சரிக்கை. பிற்காலத்தில் அதன் மறுபதிப்புகள் ஏராளமாக வந்துவிட்டன. நினைவு வெளியீடாக நேர்மையாக அச்சிட்டவைதான். ஆனால் ஐம்பது வருடம் ஒரு மேசை டிராயரில் கிடந்து பழுப்பேறினால் மறுபதிப்புக்கும் தாத்தாவின் களை வந்துவிடுகிறது. வீட்டில் கிடைத்தது என்பதற்காக அசல் என்று நம்பி விடாதீர்கள்.

அந்த வருடங்களின் அஞ்சலட்டைகளை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். எட்வர்ட் மன்னர் காலத்தில் அணிப் படங்கள், தலைவர்களின் உருவங்கள், கேலிச்சித்திரங்கள் என்று அஞ்சலட்டைகள் மலைபோல் விற்றன. தோற்ற அணிக்குக் கறுப்புக் கரை போட்டு அச்சிட்ட கேலி இரங்கல் அட்டைகளும் உண்டு. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எதிரணிக்கு ஒட்டியது போல. இவை இன்றும் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் கிடைக்கின்றன. பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் 1902-க்குப் பிந்தையது. பிரிட்டனில் அந்த ஆண்டுதான் அதற்கு அனுமதி வந்தது. அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தால் வேறு சான்றே வேண்டாம்.

நீத் ஊர் சம்பந்தப்பட்ட இன்னொரு பொருளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ரீஸோடு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும். நீத்தில் ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் ஃப்ரீத்தி என்ற நடுவர் 1925 ஜனவரியில் இங்கிலாந்தின் சொந்த மைதானமான ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்தின் சிரில் பிரௌன்லியை மைதானத்தை விட்டு வெளியேற்றினார். சர்வதேச ரக்பியில் அப்படி வெளியேற்றப்பட்ட முதல் ஆள். அன்று ஊதிய விசில், 1905-இல் இங்கிலாந்து–நியூசிலாந்து ஆட்டத்தில் வேல்ஸ் நடுவர் கில் எவன்ஸ் ஊதியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்திலும் அதே விசில்தான். நியூசிலாந்து மேலாளர் ஸ்டான் டீன் கைக்குப் போய், இப்போது பாமர்ஸ்டன் நார்த் ரக்பி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1987 முதல் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டங்களை அந்த விசிலை ஊதித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு வேல்ஸ் நடுவர்களின் விசில் நியூசிலாந்தின் சொத்தாக இருப்பதில் வேல்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம் புகைச்சல் இருந்தால் நியாயம்தான்.

ரீஸ் வெளிநாட்டுப் பயணமும் போயிருக்கிறார். 1910-இல் தென்னாப்பிரிக்கா சென்ற பிரிட்டிஷ் தீவுகள் அணிக்கு வில்லியம் கேலுடன் சேர்ந்து அவர்தான் மேலாளர். நான்கு நாட்டுச் சங்கங்களும் ஒப்புதலோடு தேர்ந்தெடுத்து அனுப்பிய முதல் அணி அது. நியூபோர்ட் கிளப்பிலிருந்து மட்டும் ஏழு பேர். டெஸ்ட் தொடரை 2–1 எனத் தோற்றார்கள். அந்தப் பயணத்தின் புகைப்படங்களில் ஆட்டக்காரர்களை மட்டும் பார்த்துவிட்டு மேலாளர்களை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலம்தான் என் கணக்கில் மிகச் சுவையான பகுதி, ஆட்டம் சுமாராக இருந்தாலும். 1908, 1909, 1911 ஆண்டுகளில் எதிரணிகள் அனைத்தையும் வென்ற வேல்ஸ், இருபதுகளில் தடுமாறியது. சுரங்கங்கள் மூடின, உருக்காலைகள் முடங்கின, வேலை இல்லை. வட இங்கிலாந்தின் ரக்பி லீக் கிளப்புகள் பணத்தோடு வந்து ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயின. ஜிம் சல்லிவன் 1921-இல் பதினேழு வயதிலேயே விகன் கிளப்புக்குப் போய்விட்டார். போனவர்களுக்கு யூனியன் கதவு ஆயுளுக்கும் மூடல். இந்த நிலையிலும் சங்கம் விதியைத் தளர்த்தவில்லை. 1924-இல் பாரிஸ் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸி மேல், சர்வதேச ஆட்டத்துக்கு முந்தைய ஆறு நாளுக்குள் கிளப்புக்காக ஆடிவிட்டார் என்று வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அணியில் இருக்கும் நல்ல ஆட்டக்காரர்களே குறைந்துகொண்டு வரும்போது இப்படி ஒரு கண்டிப்பு!

ஜெர்சி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று. 1922-இல் கார்டிஃபில் இங்கிலாந்தோடு ஆடியபோது இரு அணிகளும் முதுகில் எண் அணிந்தன. ஆனால் முப்பதுகளின் வேல்ஸ் ஜெர்சிகளில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஆகவே எழுத்து இருப்பதைப் பார்த்து இது கிளப் ஜெர்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘முப்பதுகளின் வேல்ஸ் ஜெர்சி’ என்று சொல்லி எண்ணோடு வருவதைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

முப்பதுகளில் மூன்று ஆட்டங்களின் காகிதங்கள் முக்கியம். 1933 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் வேல்ஸ் பெற்ற முதல் வெற்றி, 7–3. ஏழு புள்ளிகளும் ரோனி பூன் எடுத்தவை. 1935 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக 13–12. டான் டார் கழுத்து எலும்பு முறிந்து வெளியேற, பதினான்கு பேரோடு ஆடி வென்றது. மூன்றாவது 1936 மார்ச்சில் கார்டிஃபில் அயர்லாந்துடன். விவியன் ஜென்கின்ஸின் ஒரே பெனால்டியில் 3–0. ஆட்டத்தைவிடக் கூட்டம்தான் பேச்சு: எழுபதாயிரம் பேர் என்று மதிப்பிட்டார்கள், வாயிற்கதவுகள் உடைந்தன, தீயணைப்பு வண்டியின் குழாயைத் திருப்பிக் கூட்டத்தின் மேல் தண்ணீர் அடித்தார்கள். அந்த ஆட்டத்தின் டிக்கெட் ஓரம் கிழிக்கப்படாமல் கிடைத்தால் ‘பயன்படுத்தாத புதுச் சரக்கு’ என்று விற்பவர் சொல்வார். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைய முடியாமல் நனைந்து திரும்பிய ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

போர்க்காலக் காகிதங்கள் மெலிந்தவை. தாள் தட்டுப்பாட்டில் புரோகிராம்கள் ஒற்றைத் தாளாகச் சுருங்கின. 1941 ஜனவரியில் ஆர்ம்ஸ் பார்க்கில் குண்டு விழுந்து, 1934-இல் கட்டிய வடக்கு அரங்கம் சேதமானது. போர் ஆண்டுகளின் ஆட்டங்களுக்கும் போர் வெற்றியையொட்டி 1946-இல் நடந்த ‘வெற்றி ஆட்டங்களுக்கும்’ தொப்பி கிடையாது. எனவே ‘1946 வேல்ஸ் தொப்பி’ என்று யாராவது நீட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி அசல், போலி பற்றி. முதலில் ரீஸின் கையெழுத்து. டிக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் அச்சு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸால் பாருங்கள். பேனா மை காகிதத்தின் இழைகளுக்குள் ஊறி, கோடு திரும்பும் இடங்களில் கொஞ்சம் தேங்கி நிற்கும், ஒரு கோட்டின் மேல் இன்னொன்று கடக்கும் இடம் கருத்துத் தெரியும். அச்சில் எல்லா இடமும் ஒரே அடர்த்தி, அல்லது புள்ளி புள்ளியாக இருக்கும். கடிதங்களில்தான் அவருடைய உண்மையான கையெழுத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது, பட்டம். ‘கேப்டன்’ ரீஸ் என்பது முதல் உலகப் போரில் அவர் ஆள்சேர்ப்பு அதிகாரியாக வேலை செய்ததால் ஒட்டிக்கொண்டது. 1905 தேதியிட்ட தாளில் கேப்டன் என்று இருந்தால் தயாரித்தவர் வரலாறு படிக்கவில்லை என்று பொருள். சங்கத்தின் பெயரும் அப்படியே: 1934 வரை அதிகாரப்பூர்வப் பெயர் வேல்ஸ் ஃபுட்பால் யூனியன்தான், அதன் பிறகே ரக்பி யூனியன். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பேச்சிலும் பத்திரிகையிலும் ரக்பி என்ற சொல் முன்பே புழங்கியது. ஆனால் சங்கத்தின் சொந்தக் கடிதத்தாளில் பெயர் முந்திக்கொண்டு மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது சோதனை இந்தக் காலத்துக்கென்றே வாய்த்தது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்கள் ஏறத்தாழ 1950-இலிருந்துதான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. ரீஸ் விலகியது 1948. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள்: தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது அவர் காலத்துத் தாள் அல்ல. ஜெர்சியிலும் தொப்பியிலும் தையல் நூலுக்கு இதே விளக்கு. பாலியஸ்டர் நூல் அன்று சந்தையில் இல்லை. பழுது பார்த்த இடத்தில் மட்டும் புது நூல் இருந்தால் தப்பில்லை, விற்பவர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது? பணம் குறைவு என்றால் சிகரெட் அட்டைகள். வில்ஸ் நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரக்பி சர்வதேச வீரர்கள் தொகுப்பு 50 அட்டைகள் கொண்டது. முழுத் தொகுப்பாகவே கிடைக்கும். அதற்கும் முன்னே போக விரும்பினால் பிராட்ஃபோர்டின் ஜான் பெய்ன்ஸ் வெளியிட்ட கேடய வடிவ அட்டைகள், வேல்ஸ் கிளப்புகளின் பெயரோடு. இவை சிறுவர்கள் சுவரில் எறிந்து விளையாடித் தேய்த்தவை; முனை மழுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கொஞ்சம் பொறுமை உண்டென்றால் கடிதங்களைத் தேடுங்கள். ஓர் ஆட்டக்காரர் தேர்வானதை அறிவிக்கும் நாலு வரிக் கடிதம், ரயில் கட்டணக் கணக்கு, விருந்தின் பட்டியலில் இரண்டு அணியினரும் போட்ட கையெழுத்து. ஜெர்சியைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி விருந்தாளிக்குக் காட்டலாம், உண்மைதான். ஆனால் நாட்டுக்காக ஆட அழைக்கும் கடிதத்திலேயே மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் மட்டும்தான் தரப்படும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த ஒரு வரியில் சங்கமும் செயலாளரும் காலமும் முழுதாக வெளிப்பட்டுவிடும். பில் கிளெமென்ட் 1956 முதல் 1981 வரை செயலாளராக இருந்த பொற்காலத்தின் பொருள்கள் மலிந்து கிடக்கின்றன. அப்போது மக்கள் பத்திரப்படுத்தத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். ரீஸ் காலத்தில் ஆட்டம் முடிந்ததும் புரோகிராம் சேற்றில் விழுந்தது, கடிதம் அடுப்புக்குப் போனது.

வாங்கும் முன் பெயரையும் தேதியையும் சரிபார்க்க வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 1919 வரையான செய்தித்தாள்கள் இலவசமாக இருக்கின்றன. அணிப் பட்டியலில் கடைசி நேர மாற்றங்கள் இருந்தால் அச்சான புரோகிராமுக்கும் மறுநாள் செய்திக்கும் வேறுபாடு தெரியும். பழைய உரிமையாளர் பென்சிலால் அடித்துத் திருத்திய பெயர் அதோடு பொருந்தினால் அந்தப் பென்சில் கோட்டை அழித்து ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள், விலையே அதில்தான் இருக்கிறது. கடிதத்தை உறையோடு சேர்த்தே வையுங்கள். பிவிசி உறைக்குள் போடாதீர்கள், நாளடைவில் மையை இழுத்துக்கொள்ளும். அமிலமில்லாத தாள் உறை போதும். உங்களிடம் இருப்பதைப் புகைப்படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள். கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தை மட்டும் அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது பெரும்பாலும் பின்பக்கம்தான்.